துரைசாணி ஏற மறுத்த மேடு

போளூர் நல்லசாமிக்குக் காடு அத்துபடி என்பது நல்லசாமி சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். கேட்க ஓர் ஆள் அகப்பட்டால் போதும். காட்டுமாடு எந்தச் சோலையில் படுக்கும், கருமந்தி எந்த மரத்தில் குட்டி போடும், சிறுத்தை எந்தப் பாறையில் வெயில் காயும் என்று அளக்க ஆரம்பித்துவிடுவான். உண்மையில் அவன் பார்த்த காடெல்லாம் ஓர் ஒற்றையடிப் பாதையும், அந்தப் பாதையில் அவனுக்கு முன்னால் நடந்த மட்டக்குதிரையின் வாலும்தான். ஐம்பதுகளின் நடுவில் போளூருக்கு ரோடும் கிடையாது, லாரியும் கிடையாது. ஊரில் விளைந்த பூண்டைக் குதிரைமேல் ஏற்றிக்கொண்டு கோடைக்கானல் சந்தைக்குப் போவான். வரும்போது ஊர்க்காரர்களுக்கு உப்பும் அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றி வருவான். காட்டைப் பார்க்க அவனுக்கு எங்கே நேரம்?

குதிரையின் பெயர் துரைசாணி. ஏரிப்பக்கம் பங்களா வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி சீமைக்குக் கப்பலேறப் போனபோது, அவளுடைய சவாரிக் குதிரை போட்ட குட்டி இது. கிழங்கு கொடுக்கப் போய்ப் பங்களாவின் பின்வாசலில் நின்ற நல்லசாமியின் கையில் கயிற்றைத் திணித்துவிட்டு, அந்தம்மா அழுதுகொண்டே காரில் ஏறிப் போய்விட்டாள். குட்டி பங்களாவின் மிடுக்கைக் கூடவே கொண்டுவந்தது. கலங்கிய தண்ணீரில் வாய் வைக்காது. பாதையில் எதிரே ஆள் வந்தால் வந்தவர்தான் ஒதுங்க வேண்டும். அதனால் ஊரே சேர்ந்து வைத்த பெயர் அது.

நல்லசாமிக்கு நிலம் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் அவன் மனைவி இருளாயி போட்ட நாலு பாத்தி முள்ளங்கிதான் சொத்து. துரைசாணி நடந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியும். இதைத் துரைசாணியும் தெரிந்து வைத்திருந்தாள் என்பது இருளாயியின் கட்சி. "அது நடக்குற நடையப் பாருங்க, நமக்குப் படியளக்குற நடை" என்பாள்.

ஊருக்கு வரும் வழியில் ஊமைச்சாமி சோலை இருந்தது. அந்தச் சாமிக்குச் சத்தம் ஆகாது. சோலைக்குள் இரும்பும் படக்கூடாது. எல்லைக்கல் வந்ததும் ஆட்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அரிவாள் கொண்டுவந்தவர்கள் அதைத் துணியில் சுற்றிக்கொள்வார்கள். குதிரைக்காரர்கள் கழுத்து மணிக்குள் ஒரு பிடி புல்லைத் திணித்து நாக்கைக் கட்டிவிடுவார்கள். சோலையைத் தாண்டியதும் புல்லைப் பிடுங்கினால் மணி மறுபடி பேசும். குதிரையின் லாடமும் இரும்புதானே என்று யாரும் கேட்டதில்லை. ஊமைச்சாமியும் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

அது கார்த்திகை மாதம். கீழே கடற்கரைப் பக்கம் அடித்த புயல் மலையேறி வந்துவிட்டது என்று பின்னால் சொன்னார்கள். அன்றைக்கு நல்லசாமிக்கு அது தெரியாது. துரைசாணியின் முதுகில் இரண்டு பக்கமும் உப்பு மூட்டையோடு எல்லைக்கல்லுக்கு வந்தான், புல்லைத் திணித்தான், சோலைக்குள் நுழைந்தான். பாதி தூரம் போவதற்குள் காற்று இரையத் தொடங்கியது. மழை குறுக்கே அடித்தது. எங்கோ ஒரு மரம் வேட்டுப்போட்ட மாதிரி முறிந்தது. துரைசாணி கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு பாதையை விட்டுப் பாய்ந்தாள். அவள் பின்னால் ஓட எடுத்து வைத்த காலுக்கு முன்னாலேயே இன்னொரு மரம் விழுந்தது. நல்லசாமி ஒரு பாறை இடுக்கில் போய் ஒண்டிக்கொண்டான். எங்களைச் சத்தம் போடாதே என்று சொல்லிவிட்டு நீ இந்தப் போடு போடுகிறாயே சாமி என்று அழாத குறையாகக் கேட்டான். சாமி காதில் வாங்கவில்லை.

காற்று தணிந்து அவன் வீடு வந்து சேர்ந்தபோது இருளாயி ஓடிவந்து அவன் தலையையும் கையையும் தடவிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அவன் பின்னால் யாரும் இல்லை என்பதைக் கவனித்தாள்.

"தொரசாணி எங்கங்க?"

"பிச்சுக்கிட்டு ஓடிட்டா. சோலைக்குள்ளதான் நிப்பா."

"சரி, விடுங்க. வெள்ளனே எந்திரிச்சுப் போவோம். மணிச் சத்தம் கேக்குற பக்கம் போனா வெரசாக் கண்டுபிடிச்சிரலாம்."

நல்லசாமி பேசாமல் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான். எதற்கும் பதில் வைத்திருக்கிற மனுஷன் பேசாமல் இருந்தால் விஷயம் பெரிது என்று இருளாயிக்குத் தெரியும். "என்னத்தச் செஞ்சுட்டு வந்தீங்க?" என்று கேட்டாள்.

"மணிக்குள்ள புல்லு கெடக்கு" என்றான் அவன்.

மறுநாள் அவன் மட்டும் சோலைக்குப் போனான். காதுக்கு வேலை இல்லை என்றதும் கண்ணுக்கு வேலை வந்துவிட்டது. பாதை இருந்த அடையாளமே தெரியவில்லை. பெரிய நாவல் மரங்கள் வேரோடு சாய்ந்து, வேர்க்கட்டுகள் சிவப்பு மண்ணோடு சுவர் மாதிரி நின்றன. அண்ணாந்து பார்த்தாலும் எட்டாத உச்சிக் கொப்புகள் எல்லாம் அவன் முழங்காலுக்குக் கீழே கிடந்தன. அவற்றின்மேல் மெத்தை மெத்தையாகப் பாசி. பாசிக்குள் வேர்விட்டு, கீழே விழுந்த பிறகும் வாடாமல் பூத்திருந்த வெள்ளைப் பூக்கள். இத்தனை காலமும் இதெல்லாம் தன் தலைக்குமேல் இருந்ததா என்று நின்று பார்த்தான்.

ஒரு கொப்பில் மலையணில் கட்டிய சுள்ளிக் கூடு அப்படியே கவிழ்ந்து கிடந்தது. கூட்டுக்காரி பக்கத்து மரத்தில் உட்கார்ந்து, இதைச் செய்ததே நல்லசாமிதான் என்பதுபோல் அவனைப் பார்த்துக் கத்தினாள். கருமந்திக் கூட்டத்துக்கு மரம்விட்டு மரம் போகிற வழி அறுந்துபோயிருந்தது. மரத்திலேயே பிறந்து மரத்திலேயே கிழமானவை அவை. கீழே இறங்க மனசில்லாமல் வெகுநேரம் கூடிப் பேசின. கடைசியில் ஒரு கிழட்டு மந்தி இறங்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றைக் கடக்கும் மிராசுதார்போல் வெட்டவெளியில் ஓடியது. நல்லசாமி வாய்விட்டுச் சிரித்துவிட்டு, சாமி ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டான். கிழக்குச் சரிவில்தான் படுக்கும் என்று அவன் ஊரெல்லாம் சொல்லிவைத்த காட்டுமாடுகள் மேற்குச் சரிவில் சாவகாசமாகப் படுத்திருந்தன.

அந்த மாடுகள்தான் துரைசாணியைக் காட்டிக் கொடுத்தன. சாயங்காலம் நெருங்கும்போது அவை எழுந்துபோய், விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தின்மேல் தலையை நீட்டி உள்ளே மோப்பம் பிடித்துக்கொண்டு நின்றன. அவை விலகுகிறவரை நல்லசாமி மறைவில் காத்திருந்துவிட்டுப் போய் எட்டிப் பார்த்தான். ஒருபுறம் செங்குத்துப் பாறை. மற்ற புறமெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த மரங்கள். நடுவில் ஒரு களத்துமேடு அளவுக்குப் புல்தரை. அதில் துரைசாணி நின்றாள். அவள் போய் ஒண்டிய பிறகு மரங்கள் சுற்றிலும் விழுந்து அடைத்திருக்கின்றன. ஒரு கொப்புகூட அவள்மேல் படவில்லை. விருந்துக்கு நேரம் கழித்து வந்தவனைப் பார்ப்பதுபோல் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புல்லைத் தொடர்ந்தாள்.

அவன் மரத்தின்மேல் ஏறி உள்ளே குதித்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். மணி வாரோடு அறுந்து எங்கோ போயிருந்தது. உப்பு மூட்டைகள் பிய்ந்து, உப்பெல்லாம் மழையில் கரைந்து மண்ணோடு போயிருந்தது. சேணம் வயிற்றுப் பக்கமாகப் புரண்டு தொங்கியது; அதை அவிழ்த்தபோது முதுகில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாகப் புண் தெரிந்தது. "வலிக்குதா தாயி" என்று கேட்டுக்கொண்டே நல்லசாமி அந்த இடத்தை ஊதினான்.

அடைத்துக் கிடந்த மரத்தில் ஒன்றைத் துண்டு போட்டால் அவள் வெளியே வந்துவிடுவாள். ஊர்ப் பெரியவர் சேனாதிபதியிடம் போய்க் கேட்டான்.

"விழுந்த மரமும் சாமி மரந்தாம்ல" என்றார் அவர்.

"உசுருங்கய்யா. அது உள்ள கெடந்து சாகவா?"

"நான் என்ன செய்யட்டும்? கோடாலி படக்கூடாதுன்னா படக்கூடாது. அதத்தான் வச்சு நீ பொழைக்கிறேன்னு எனக்குத் தெரியாதா? வேற என்ன வழி இருக்குன்னு யோசி."

நல்லசாமி யோசித்தான். "மரத்த ஒட்டி மண்ணும் கல்லும் போட்டு மேடு கட்டுனா? உள்பக்கம் ஒரு சரிவு, வெளிப்பக்கம் ஒரு சரிவு. அது ஏறி எறங்கி வந்துரும்ல?"

பெரியவர் தாடையைச் சொறிந்தார். மண்ணைத் தொடக்கூடாது என்று சாமி எப்போதும் சொன்னதில்லை. "ஆனா மம்பட்டி இரும்பு" என்றார்.

ஆக, மண்வெட்டியும் இல்லை. புயலில் சரிந்த கரையிலிருந்து கையாலும் கம்பாலும் மண்ணைப் பறித்து, கூடையிலும் சாக்கிலும் சுமந்துவந்து கொட்டினார்கள் நல்லசாமியும் இருளாயியும். சோலைக்குள் பேசக்கூடாது என்பதால் இருளாயி அவனைக் கண்ணாலேயே திட்டினாள். கருமந்திகள் மேலே உட்கார்ந்து வேலையை மேற்பார்வை பார்த்தன. ஓய்ந்து உட்காரும்போதெல்லாம் நல்லசாமிக்குப் பார்க்க ஏதாவது இருந்தது. வேர்க்குழியில் தேங்கிய தண்ணீருக்குக் காட்டுக்கோழி குஞ்சுகளோடு வந்தது. கூடு இழந்த அணில்காரி புதுச் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிழைப்புக்காகப் புலம்பிக்கொண்டே வந்த மனுஷனுக்கு, இந்தக் கூட்டத்தில் தானும் ஓர் ஆள் என்று தோன்றிச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இதை அவன் இருளாயியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் ரெண்டு கூடை மண் கூடச் சுமக்க வைத்திருப்பாள்.

ஒருவழியாக மேடு எழுந்தது. நல்லசாமி அதன்மேல் ஏறி இறங்கிக் குதித்துப் பார்த்தான். அசையவில்லை. துரைசாணியின் கயிற்றைப் பிடித்து இழுத்தான். அவளும் அசையவில்லை. வெல்லத்தைக் காட்டினான், கழுத்தை எட்ட நீட்டி வெல்லத்தைத் தின்றுவிட்டு நின்றாள். பின்னாலிருந்து தள்ளினான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ராத்திரி யோசித்துத் தானே வருவாள் என்று அவனே அவனுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

காலையில் வந்து பார்த்தால் மேட்டு மண் முழுக்கக் குளம்படி. மிளா மான் ஏறி இறங்கியிருந்தது. கேளையாடு ஏறி இறங்கியிருந்தது. முள்ளம்பன்றி ஒன்று வந்ததற்கு அடையாளமாக ஒரு முள்ளை விட்டுப் போயிருந்தது. உப்பு ஊறிய மண்ணைக் காடே வந்து நக்கிவிட்டுப் போயிருக்கிறது. நல்லசாமி கட்டிய பாதையில் போகாதது துரைசாணி ஒருத்திதான்.

"ஊருக்கெல்லாம் படி கட்டியாச்சு" என்று கிசுகிசுத்தாள் இருளாயி. அவனுக்குச் சிரிப்பு வந்தது. அன்று முழுக்க மறுபடியும் இழுத்தார்கள், தள்ளினார்கள், கெஞ்சினார்கள். பலன் இல்லை.

அதற்கு அடுத்த காலையில் சிரிப்பு நின்றுவிட்டது. மேட்டின் வெளிச்சரிவில், குளம்படிகளுக்குமேல், வட்டமாக ஒரு கால்தடம் இருந்தது. நகம் பதியாத, பஞ்சுபோல் அமுங்கிய தடம். காட்டைப் பற்றி எவ்வளவு அளந்தாலும் இந்தத் தடம் எதனுடையது என்பது நல்லசாமிக்கு நிஜமாகவே தெரியும். சிறுத்தை. உப்புக்கு மான் வந்தது, மானுக்குப் பின்னால் இது வந்திருக்கிறது. மேட்டின் உச்சிவரை போய், அங்கே உட்கார்ந்து உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. துரைசாணி பாறையோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய தோல் விட்டுவிட்டு நடுங்கியது.

நல்லசாமி அப்படியே உட்கார்ந்துவிட்டான். மரங்கள் அவளைச் சிறை வைத்தன என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். மான் வராதபடி அடைத்து அவை அவளைக் காப்பாற்றியும் வைத்திருக்கின்றன. அந்த வேலியில் வாசல் திறந்துவிட்டது அவன்தான். இன்றைக்கு இருட்டுவதற்குள் அவளை வெளியே கொண்டுபோகாவிட்டால் நாளைக்கு வந்து எலும்பைத்தான் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு அவன் இழுத்த இழுப்பில் கயிறு கையைக் கிழித்தது. "வாடி, வந்து தொலைடி" என்று சோலை என்பதையும் மறந்து கத்தினான். துரைசாணி முன்கால்களை ஊன்றிக்கொண்டு நின்றாள். பயத்தில் கண்கள் பிதுங்கின. கால் மட்டும் எழவில்லை.

இருளாயி கயிற்றை விட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். வேகமாக மூச்சு வாங்கியபடி, "ஏங்க, ஒண்ணு கேக்குறேன்" என்றாள். "இத்தன வருசத்துல இவ சும்மா ஒரு மேட்டுல ஏறி நீங்க பாத்திருக்கீங்களா?"

"சும்மான்னா?"

"பொதி இல்லாம."

நல்லசாமி நினைத்துப் பார்த்தான். குட்டியிலிருந்து அவன்தான் பழக்கினான். பொதி ஏறினால் நடக்க வேண்டும், பொதி இறங்கினால் நிற்க வேண்டும். போகும்போது பூண்டு, வரும்போது உப்பு. வெறும் முதுகோடு ஒரு மேடு ஏறச் சொல்லி அவளிடம் யாரும் கேட்டதே இல்லை. அவளுக்குச் சேணத்தை அவிழ்த்தாகிவிட்டது, அதனால் நிற்கிறாள். சிறுத்தை வந்தாலும் நிற்பாள். அவன் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

"முதுகுல புண்ணு கெடக்கே புள்ள" என்றான்.

"தெரியுது. வேற வழி இருந்தாச் சொல்லுங்க, கேப்போம்."

வேறு வழி இல்லை. தான் போர்த்தியிருந்த கம்பளியை நாலாக மடித்து, புண் இருக்கும் இடத்தில் பள்ளம் விட்டுப் போட்டான். மண் சுமந்த சாக்குகளில் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை அள்ளி, இரண்டையும் சேர்த்துக் கட்டித் தூக்கி இரண்டு பக்கமும் தொங்கவிட்டான். துரைசாணி வலியில் உடம்பை நெளித்தாள். ஆனால் நடக்கவில்லை. தலையைத் திருப்பிச் சாக்கைப் பார்த்தாள். அவளுக்கு எடை தெரியும். இது பொதி இல்லை. நல்லசாமி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் மண் அள்ளிப் போட்டான். இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு கை மண்ணுக்கும் அவள் தோல் சுருங்குவதைப் பார்த்தபடியே போட்டான். வாழ்க்கையில் அவன் ஏற்றிய பாரங்களிலேயே மோசமான பாரம் அதுதான்.

வழக்கமான எடை வந்ததும் துரைசாணி காதுகளை ஒரு முறை ஆட்டினாள். சந்தைக்குக் கிளம்புவதுபோல் நிதானமாக அடியெடுத்து மேட்டில் ஏறினாள், உச்சியைக் கடந்தாள், மறுபக்கம் இறங்கினாள்.

வெளியே வந்ததும் அவன் சாக்கை இறக்கப் போனான். இருளாயி கையைப் பிடித்துத் தடுத்தாள். "எறக்குனா நின்னுருவா. சோலைக்குள்ளயா நிப்பாட்டப் போறீங்க?"

அவன் ஒரு பக்கத்துச் சாக்குக்கு அடியில் தோளைக் கொடுத்து, எடையைத் தன்மேல் வாங்கிக்கொண்டான். சாக்கு அவள் முதுகில் பட்டுக்கொண்டு மட்டும் இருந்தது; நடக்கத் தொடங்கிவிட்டவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. மறுபக்கச் சாக்குக்கு இருளாயி தோள் கொடுத்தாள். விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி, சேற்றில் வழுக்கி, எல்லைக்கல்லைத் தாண்டி ஊருக்குள் வந்தார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது.

"ஏலே நல்லசாமி, குதிர ஒன்னத் தூக்குதா, நீ குதிரயத் தூக்குறியா?" என்றார் சேனாதிபதி. சிரிக்காத ஆள் இல்லை. நல்லசாமி தோளை எடுக்காமல் நடந்தான். வீட்டு வாசலில் சாக்கை இறக்கினான். துரைசாணி அப்படியே நின்றாள், அடுத்த பொதியை எதிர்பார்த்து. அதைப் பார்த்ததும் அவன் அழுதுவிட்டான். இருளாயி பார்க்காததுபோல் உள்ளே போய் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துக் கொண்டுவந்து புண்ணில் தடவினாள்.

புண் ஆறுகிறவரை பூண்டைத் தன் தலையிலேயே சுமந்து சந்தைக்குப் போனான் நல்லசாமி. வழித்துணைக்கு வந்தவர்கள் கேலி செய்தால், "தொரசாணிக்கு லீவு" என்பான். சந்தைக்குப் போகாத காலைகளில், வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன மேட்டடிக்கு அவளை வெறும் முதுகோடு கூட்டிப் போவான். அவன் முதலில் ஏறுவான். மேலே நின்று கூப்பிடுவான். அவள் கீழே நின்று பார்ப்பாள். அவன் இறங்கி வருவான், திரும்ப ஏறுவான். பூண்டு நடுகிற வேலையை விட்டுவிட்டு ஊர்ப் பெண்கள் இந்தக் கூத்தைப் பார்த்தார்கள். சோலி இல்லாதவன் என்றார்கள்.

தை மாதத்தில் ஒரு நாள் அவன் அவளைக் கீழே விட்டுவிட்டு, பாத்திக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தான். திரும்பிப் பார்த்தபோது அவள் அங்கே இல்லை. மேட்டு உச்சியில் வெயிலில் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தாள். முதுகில் ஒன்றும் இல்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

நல்லசாமி தண்ணீரை அப்படியே ஓடவிட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி வீட்டுக்குள் கூப்பிட்டான்.

"இருளாயி, மெல்ல வந்து பாரு புள்ள. சும்மா ஏறியிருக்கா."